கரைக்கும் மாதம் உண்டு: பாசிக்குடாவிலிருந்து உகந்தை வரை

டிசம்பர் லீவுக்கு லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வரும் சொந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பாசிக்குடாவுக்கு எப்ப போவம்?" என்பதுதான். போகலாம், ஆனால் குடையோடு போக வேண்டும். படத்தில் பார்த்த கண்ணாடிப் பச்சைத் தண்ணீர் அந்த மாதத்தில் அங்கே இருக்காது. மண் கரைந்த கலங்கல், கரையில் ஒதுங்கிக் காய்கிற ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை), ஓயாத வாடைக்காற்று, மேட்டில் இழுத்துப் போட்ட வள்ளங்கள், இவைதான் கண்ணில் படும். இதே ஆட்கள் ஜூலையில் வந்திருந்தால் ஊர் திரும்ப மனமில்லாமல் போயிருப்பார்கள்.

உலகத்தின் அழகான கடற்கரைகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் பெயரைப் போடுகிறார்கள், படத்தைப் போடுகிறார்கள், மாதத்தை மட்டும் போடுவதில்லை. மாதமும் காற்றும் அடிநிலமும் தெரியாமல் எந்தக் கரைக்கும் போகக் கூடாது. இந்த மூன்றையும் பழகிக்கொள்ள இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைக் கரையைப் போல வசதியான இடம் கிடையாது. வாகரையிலிருந்து உகந்தை வரை ஒரே கடல்தான். ஆனால் குடா, நேர்க்கரை, முகத்துவாரம், முனை என்று நாலு குணத்தை அது காட்டும். இங்கே கண்ணைப் பழக்கியவர் மாலைதீவிலும் கோவாவிலும் தடுமாற மாட்டார்.

காற்றிலிருந்து தொடங்குவோம். ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலம். 1978 நவம்பரில் மட்டக்களப்பை உருக்குலைத்த சூறாவளி வந்ததும் அந்தப் பருவத்தில்தான். அதன் பின் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. வடகிழக்கிலிருந்து நேரே கரையை நோக்கி அடிக்கும், மழையும் கொண்டுவரும். மார்ச்சில் கடல் மெல்ல அடங்கும். மே மாதத்திலிருந்து கச்சான் எழும்பும். மேற்கேயும் தென்மேற்கேயும் இருந்து மலைநாட்டைத் தாண்டி வரும்போது மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி இங்கே இறங்கும் காற்று அது. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத் தண்ணீரைத் தட்டையாக்கிவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கிழக்குக் கரை தன் முகத்தைக் காட்டுவது அதனால்தான். (இங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். வெளியூர்க்காரர் "கச்சான் காலம்" என்றதும் கடலை வாங்கக் கிளம்பினால் சிரிக்க வேண்டாம்.)

இந்தக் கணக்கை அப்படியே வெளிநாட்டுக்கும் கொண்டுபோகலாம். கிழக்கு அடைத்திருக்கும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை நம் நாட்டிலேயே தென்கரையின் மிரிசையும் உனவட்டுனவும் திறந்திருக்கும். மாலைதீவு, கோவா, கேரளத்துக் கோவளம் எல்லாம் அதே காலத்துக் கரைகள். மலேசியா நம்மைப் போலவே இரண்டு முகம் உள்ள நாடு. கிழக்கே இருக்கும் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை பெரும்பாலான தங்குமிடங்கள் மூடிக்கிடக்கும். மேற்கே லங்காவியில் அப்போது நல்ல வெயில். தாய்லாந்தில் புக்கெட், கிராபி பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும். மறுபக்கம் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய்யில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கடும் மழை, ஆனால் நம் ஓகஸ்ட் லீவுக்கு அது பொருந்தும். ஆகவே மலிவு விலையில் விமான ரிக்கட் கிடைத்தால், ஏன் மலிவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விடை பெரும்பாலும் காற்றில் இருக்கும்.

குடா: நீந்தத் தெரியாதவரின் கடல்

பாசிக்குடா மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். திருகோணமலை வீதியில் வாழைச்சேனை வரை வந்து கடல் பக்கம் திரும்ப வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் வாழைச்சேனையில் அல்லது கல்குடாவில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். குடாவுக்கு வெளியே இருக்கும் முருகைக்கல் (பவளப்பாறை) திட்டு அலையை அங்கேயே உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் போலக் கிடக்கும். நூற்றுக்கணக்கான மீற்றர் நடந்தாலும் இடுப்பளவுதான். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போக இதைவிட நல்ல கடல் இந்தத் தீவில் அரிது. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் ஆழமில்லை என்பதே இங்கே ஆபத்துக்கும் காரணம். நீந்தத் தெரியாதவர் நம்பிக்கையோடு நடந்து நடந்து கரையிலிருந்து மிகத் தூரம் போய்விடுவார். அடிநிலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. மணல் சட்டென்று இறங்கும் குழியும் உண்டு, இரு ஓரங்களிலும் உடைந்த முருகைக்கல்லும் உண்டு. வெட்டுப்பட்ட காலோடு, கச்சான் முகத்தில் அடித்துப் பின்னால் தள்ள, கரைக்குத் திரும்பி நடப்பது போன நடை போல இருக்காது. நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று தண்ணீரைத் தட்டையாக்குவது போலவே மிதப்பவரை வெளியே தள்ளவும் செய்யும். காற்றடைத்த ரியூப், மெத்தை, பிளாஸ்ரிக் வாத்து எல்லாம் இந்தக் காற்றுக்குப் பாய் விரித்த தோணிதான். பிள்ளையை அதில் ஏற்றினால் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அதற்கு மேல் சாராயம் சேர்ந்தால் இடுப்பளவுத் தண்ணீரே போதும். பாசிக்குடாவில் கேள்விப்படும் மரணங்களில் அந்தக் கதை திரும்பத் திரும்ப வரும்.

பாசிக்குடாவில் குளிக்கக் காலை 7 மணி முதல் 10 வரை, பிறகு பிற்பகல் 3:30 முதல் இருட்டும் வரை நல்லது. இடைப்பட்ட நேரத்தில் மணல் காலைச் சுடும், நிழல் குறைவு. ஆனால் படம் எடுக்க வருகிறவர்களுக்கு அந்தச் சுடும் நேரம்தான் தேவை. தண்ணீரின் பச்சை நிறம், உச்சி வெயில் உள்ளே இறங்கி வெள்ளை மணலில் பட்டுத் திரும்பும்போதுதான் வரும். கிழக்குக் கரையில் காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து கண்ணில் அடிப்பதால் தண்ணீர் வெள்ளி போல மினுங்குமே தவிர நிறம் தெரியாது. 11 மணியிலிருந்து 3 மணிக்குள், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று எடுத்தால் போதும், போனில் எந்த வித்தையும் வேண்டியதில்லை.

பக்கத்திலேயே கல்குடா. ஒரு முனை இரண்டையும் பிரிக்கிறது. அங்கே கரை நீளம், சனம் குறைவு, தண்ணீர் சீக்கிரம் ஆழமாகும். அமைதி வேண்டும் என்பவர் அங்கே நடக்கலாம், ஆனால் பாசிக்குடாவில் பழகிய தைரியத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. முருகைக்கல்லும் மீனும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னும் வடக்கே, வாகரைப் பக்கம் காயான்கேணிக்குப் போவது மேல். அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்காதீர்கள். உயிருள்ள கல் வருடத்துக்கு ஒரு சில மில்லிமீற்றரிலிருந்து சில சென்ரிமீற்றர் வரைதான் வளரும். ஒரு செருப்புக்கால் ஒரு நிமிடத்தில் உடைப்பது பல வருட வளர்ச்சி. தாய்லாந்தின் மாயா குடா இப்படித்தான் போட்களும் நங்கூரங்களும் ஆட்களுமாகச் சேர்ந்து நாசமாகி, 2018 ஜூனில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது. திறந்த பின்னும் அங்கே நினைத்தபடி நீந்த விடவில்லை.

சுழியோடிகளுக்கு மட்டக்களப்பு வேறு காரணத்தால் தெரியும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆழம் 50 மீற்றருக்கு மேல். சாதாரணப் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு 40 மீற்றர்தான் எல்லை என்பதால், அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே இறங்க வேண்டும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் இருக்கிறது. "ஹேர்மிஸ் காட்டுறம் வாங்க" என்று புதியவரைக் கூப்பிடும் ஆளோடு போக வேண்டாம்.

நேர்க்கரை: பொச்சுமட்டைப் பாடம்

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர் என்று தெற்கே இறங்கும் கரை கோடு போட்டது போல நேராக ஓடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு (உப்பங்கழி), நடுவில் ஊர். 2004 டிசம்பர் 26 காலை இந்த மெல்லிய நிலத்தில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: நீண்ட, பலமான நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக வற்றிப் போவதைக் கண்டாலோ, எந்த அறிவித்தலுக்கும் காத்திராமல் உயரமான இடத்துக்குப் போங்கள். மேடு பக்கத்தில் இல்லாவிட்டால் உறுதியான மாடிக் கட்டடம்.

இந்தக் கரை மாலை நேரத்துக் கரை. காற்று வாங்க, கச்சான் கொறிக்க, பிள்ளைகள் பட்டம் விட. நீந்துவதற்கு அவ்வளவு ஏற்றதல்ல. கரை செங்குத்தாக இறங்குகிறது. வெளியே தடுக்க முருகைக்கல் இல்லை. அலை கரையிலேயே வந்து மடாரென்று குத்தும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரைக் கூட அது கவிழ்த்து, அடுத்த அலை வருமுன் உள்ளே இழுக்கும். ஐஸ்லாந்தின் ரேனிஸ்ஃபியாரா கருமணல் கரையில் உல்லாசப் பயணிகள் பலர் அடித்துச் செல்லப்பட்டதும் இதே மாதிரியான அலையால்தான். அங்கே எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கை கல்லடிக்கும் பொருந்தும்: கடலுக்கு முதுகு காட்டாதே.

இன்னொரு எதிரி இழுவை. அலைகள் கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டில் எங்கே ஒரு பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக அது ஆறு போலப் பாய்ந்து வெளியே போகும். மேட்டில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் அது தெரியும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், சற்று இருண்டு, சின்னச் சின்ன நெளிவோடு கிடக்கும். புதியவர் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடம். அவர் நேரே அதில் இறங்குவார். கரைவலை இழுக்கும் பெரியவர்கள் தூரத்திலிருந்தே சத்தம் போடுவது அதைக் கண்டுதான்: "மனே, அங்கால இறங்காத, இழுவ கிடக்கு!" அந்தச் சத்தத்துக்கு மறுபேச்சுப் பேசாதீர்கள்.

சத்தம் போட ஆள் இல்லாவிட்டால் பொச்சுமட்டை, அதாவது தேங்காய் மட்டை, போதும். ஒரு மட்டையை எடுத்து, நீங்கள் இறங்க நினைக்கும் இடத்தில் அலைக்குள் வீசுங்கள். பக்கவாட்டில் மெல்லத் தள்ளி மறுபடி கரைக்கு வந்தால் அந்த இடம் பரவாயில்லை. பக்கவாட்டில் வேகமாக, நீங்கள் கரையில் நடக்கும் வேகத்தில் ஓடினால், எங்கேயோ பக்கத்தில் அது வெளியே போகும் வாசல் இருக்கிறது என்று அர்த்தம். நேரே கடலுக்குள் போனால் அங்கே கால் வைக்க வேண்டாம். மூன்று மட்டை, ஐந்து நிமிடம். அரை வெறுமையான தண்ணீர்ப் போத்தலும் இதையே செய்யும், ஆனால் அதைப் பிறகு கடலிலிருந்து யார் எடுப்பது? மட்டைதான் நல்லது.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது, பதறாமல் மல்லாந்து மிதப்பது. இழுவை ஆளைத் தண்ணீருக்கு அடியில் இழுக்காது, கரையிலிருந்து வெளியேதான் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துகிறவர் களைத்து மூழ்குகிறார். ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். இழுப்புத் தளர்ந்ததும், அல்லது உங்களுக்குத் தெம்பு இருந்தால் முன்னமே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் 30, 40 மீற்றர் நீந்தி, அலை வெள்ளையாக உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு கரைக்குத் திரும்புங்கள். கரையில் நிற்பவர் கடலில் பாயக் கூடாது. காப்பாற்றப் போனவர் சேர்ந்து மூழ்குவதுதான் வழக்கமாக நடப்பது. வாகனத்தில் எப்போதும் ஒரு வெறும் 5 லீற்றர் கானும் 25 மீற்றர் நைலோன் கயிறும் இருக்கட்டும். மூடியை இறுக்கி, கைபிடியில் கயிற்றைக் கட்டி, தத்தளிப்பவருக்கு அப்பால் விழும்படி எறிந்து மெல்ல இழுங்கள். ஒரு லீற்றர் காற்று கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க ஐந்து கிலோ தாராளம். கான் முற்றிலும் வெறுமையாக இருந்தால் எதிர்க்காற்றில் பறந்து திரும்பும், அதனால் ஒரு கோப்பை அளவு தண்ணீர் உள்ளே விடுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

அவுஸ்திரேலியாவில் பொன்டை போன்ற கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடி நட்டிருப்பார்கள். அன்றைய நாளில் இழுவை குறைந்த, உயிர்காப்பாளர் பார்வையில் இருக்கும் துண்டு அதுதான். அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்க வேண்டும். சிட்னிக்குப் போகும் நம்மவர் சிலர் "அங்கே சனம் கூட" என்று கொடிக்கு வெளியே போகிறார்கள். அங்கே சனம் இல்லாததற்குக் காரணம் உண்டு.

முகத்துவாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலமீன்மடுவில், வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில், மட்டக்களப்புக் களப்பு கடலோடு சேரும். தெற்கே பெரிய கல்லாறு, கோட்டைக்கல்லாறு பக்கத்திலும் ஒரு வாய் உண்டு. கோடையில் மணல் வந்து மூடிக் கிடக்கும்போது பிள்ளைகள் அதன் மேல் பந்து விளையாடலாம். மாரியில் வயல் மூழ்கத் தொடங்கினால் வாயை வெட்டி விடுவார்கள். வெட்டிய பின் சில மணி நேரத்தில் அது அகலமாகி, தேங்கிய வெள்ளம் முழுவதும் கடலுக்குப் பாயும். வேடிக்கை பார்க்கிறவர் நிற்கும் மணல் விளிம்பு அடியில் அரிக்கப்பட்டு, மேலே மட்டும் தட்டையாக இருக்கும். அது துண்டு துண்டாகச் சரியும். விளிம்பிலிருந்து குறைந்தது பத்து அடி பின்னால் நில்லுங்கள். அந்தத் தண்ணீரில் முதலையும் வரலாம்.

கடல் நீரின் வற்றும் பெருக்கும் (ஓதம்) நம் கரையில் பெரிய விசயமல்ல. வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனாலேயே நம்மவர்கள் வெளிநாட்டில் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் அந்த வித்தியாசம் 14 மீற்றர் வரை போகும். வெஸ்டன் சூப்பர் மேர் கரையில் வற்றின்போது கடல் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்கும், இடையில் காலை விழுங்கும் சேறு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீற்றர் அளவில். அப்படியான ஊர்களில் கரைக்குப் போகுமுன் அன்றைய பெருக்கு நேரத்தைப் பார்த்துக்கொண்டு போவது, மழைக்குக் குடை எடுப்பது போல.

ஒலுவிலும் மெரினாவும்

அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியில் ஒலுவிலில் நிறுத்தி, துறைமுக அலைதாங்கியின் இரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மணல் குவிந்து கரை அகலமாகியிருக்கும். வடக்குப் பக்கம் கடல் நிலத்தைத் தின்று, தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடக்கும். இங்கே கரையோர மணல் ஒரு ஆறு போலத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கடலுக்குள் கல்லால் ஒரு கை நீட்டினால் மணல் அதில் தங்கும், அதற்கு அப்பால் இருக்கும் கரைக்கு மணல் வராமல் போகும். சென்னை மெரினாவின் அகலமான மணல்வெளி இயற்கை கொடுத்த சொத்து என்று நினைப்பவர்கள் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டிய பின் அதன் தெற்கே தேங்கிய மணல்தான் அது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. மெரினா வளர்ந்ததும் ஒலுவில் கரைந்ததும் ஒரே கணக்கு. அலைதாங்கி, கற்பாலம், ஹோட்டல் சுவர் எதைக் கண்டாலும் அதற்கு வடக்கே நூறு மீற்றருக்குக் கரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே அறை எடுங்கள். கற்களின் அருகே நீந்தவும் வேண்டாம், அந்த மூலையில் எப்போதும் இழுவை இருக்கும்.

திருக்கோவில் சித்திர வேலாயுதர் கோயிலின் முன்னால் இருக்கும் கரையில் குளிப்பதை விட இருப்பதுதான் அழகு. மணலில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அழுக்கு என்று நினைக்காதீர்கள், பாரமான கனிம மணல் அலையால் பிரிந்து ஒதுங்கியது. மதியத்தில் அந்தக் கறுப்பு மணல் வெள்ளை மணலை விட அதிகம் சுடும்.

உல்லை: அலைக்கு வருகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகச் சுமார் 110 கிலோமீற்றர். அறுகம்பை என்று உலகம் சொல்வதை ஊர்ச்சனம் உல்லை என்றுதான் சொல்லும். மே முதல் செப்டெம்பர் வரை தென் இந்து சமுத்திரத்தின் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வந்து இந்த முனையில் வளைந்து நுழைகின்றன. முனையைச் சுற்றித் திரும்பும்போது ஒரே நேரத்தில் சரியாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒழுங்காக உடைந்துகொண்டே வரும். அதே வேளையில் கச்சான் நிலத்திலிருந்து எதிர்த்து அடித்து அலையின் முகத்தை நிமிர்த்தி வைக்கும். தெற்கிலிருந்து அலை, மேற்கிலிருந்து காற்று. இரண்டும் சேர்ந்து வாய்ப்பதால்தான் அலைச்சறுக்க உலகம் இங்கே வருகிறது. போர்த்துகலின் நஸாரேயில் கடலடிப் பள்ளத்தாக்கு அலையைக் கோபுரம் போல உயர்த்துவதும், ஹவாயின் வடகரையில் குளிர்காலத்தில் பேரலை எழுவதும் இப்படி நிலமும் பருவமும் கூடும் இடங்களில்தான். அந்த இரண்டும் கோடையில் பெரும்பாலும் சாதுவாகிவிடும். உல்லை அதற்கு மறுதலை, மாரியில் ஓய்வு.

பிரதான முனை கற்றுக்கொள்ளும் இடமல்ல. அடியில் கல், ஆழம் குறைவு, பழகியவர்கள் நெருக்கம். முதல் முறை பலகை ஏறுகிறவர் முனைக்கு உள்ளே அலை சிறுத்து வரும் பகுதியில், அல்லது வடக்கே விஸ்கி பொயின்ற்றில், அல்லது தெற்கே பீநட் பாமில் தொடங்கலாம். பலகை 8 அடிக்குக் குறையாத மென்பலகையாக இருக்கட்டும். சின்னப் பலகை ஸ்டைலாகத் தெரியும், ஆனால் மிதப்புக் குறைவு, எழும்பவே முடியாமல் ஒரு வாரம் போய்விடும். பழக்கும் பொடியன்மார் அநேகர் உல்லை, பொத்துவில் ஊர்க்காரர்தான். "காக்கா, இண்டைக்கு எந்தப் பக்கம் நல்லம்?" என்று கேட்டால் (காக்கா என்றால் இங்கே அண்ணன்) காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். போனில் இருக்கும் எந்தச் செயலியையும் விட அது சரியாக இருக்கும்.

விடிந்து ஒன்பது மணிக்குள் தண்ணீரில் இறங்குங்கள். பிற்பகலில் காற்று கூடி அலை முகம் சிதறும். இறங்குமுன் கரையில் குந்தி அலைகளை எண்ணுங்கள். பெரிய அலைகள் நாலைந்து கூட்டமாக வரும், பிறகு சில நிமிடம் தணியும். அந்தத் தணிவில் உள்ளே போக வேண்டும். பலகையின் கயிற்றைப் பின் காலில் கட்டி, ஒட்டும் பட்டியை இழுத்துப் பாருங்கள். பழைய வாடகைப் பலகைகளில் அது பிய்ந்தால் பலகை தனியே கரைக்குப் போய் யாராவது பிள்ளையின் தலையில் இடிக்கும். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவர் முன்னால் ஏறினால் சண்டை வரும், அவர் பக்கம்தான் நியாயம். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடுங்கள்.

எலிபன்ட் ரொக்குக்கு நடந்து போகிறவர்கள் வழியில் களப்பு வாயைக் கடக்க நேரும். மணல் மூடியிருந்தால் மட்டும் போங்கள். தண்ணீர் ஓடினால் திரும்புங்கள், முதலை இருக்கும் களப்பு அது. சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் திரும்புகிறவர்கள் டோர்ச் இல்லாமல் போக வேண்டாம். பாணமை வீதியில் மாலைக்குப் பின் யானை குறுக்கே வரும், மோட்டார் சைக்கிளில் போவதைத் தவிர்ப்பது நல்லது. பாணமைக்கும் அப்பால் உகந்தை. முருகன் கோயில், பாறை, கடல் மூன்றும் ஒரே பார்வையில். கதிர்காமப் பாத யாத்திரைக் காலத்தில் அங்கே சனம் நிறைந்திருக்கும். அது குளிப்புக் கரையாகப் பார்க்க வேண்டிய இடமல்ல, உடையிலும் பேச்சிலும் கோயில் முற்றத்து மரியாதை வேண்டும். உல்லைத் தெருவில் நீச்சல் உடையோடு நடப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை, பொத்துவில் சந்தையில் அது சரிவராது. தோளில் ஒரு சாரத்தைப் போட்டுக்கொண்டால் முடிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், மதியச் சாப்பாட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் ஏதாவது குத்தினால்: பாறை இடுக்கில் இருக்கும் கரிய முள்ளுருண்டையோ, மணலில் புதைந்த நச்சு மீனோ எதுவானாலும், வெளியே தெரியும் முள்ளை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காலை வையுங்கள். பல மீன்களின் நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். சூடு சரியா என்பதைக் குத்துப்படாத காலால் பாருங்கள், வலியில் இருக்கும் காலுக்குச் சூடு தெரியாது. சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது, இரண்டும் ஒட்டியிருக்கும் நஞ்சுச் செல்களை வெடிக்க வைக்கும். கடல் தண்ணீராலேயே கழுவி, இழைகளைக் கம்பால் அல்லது கையுறையால் எடுங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது. அதற்கு ஏங்குகிறவர்கள் கல்லடிப் பாலத்துக்கு வரவேண்டும். மறைவது களப்புக்கு மேலே. பௌர்ணமி அன்றென்றால் முதலில் கல்லடிக் கரையில் நில்லுங்கள், மறைவுக்கும் நிலவு எழும்புவதற்கும் இடையில் அதிக நேரம் இருக்காது, சந்திரன் கடலுக்குள்ளிருந்து செம்பு நிறத்தில் எழும்பும். பௌர்ணமிப் போயா நாளில் சனம் கூட, வாகனத்தைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். பிறகு களப்புப் பக்கம் ஒரு தோணி பேசிக்கொள்ளலாம். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, அலை அசைவில்லாத இரவில், பழைய பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் அகன்ற முனையைத் தண்ணீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதில் வைத்து, மட்டக்களப்பின் பாடும் மீன்களின் ஒலியை மூச்சை அடக்கிக் கேளுங்கள். போட் எஞ்சின் பக்கத்தில் எங்கே ஓடினாலும் கேட்காது, பாலத்தில் லொறி போனாலும் கேட்காது. பத்து மணிக்குப் பிறகு போவது நல்லது.